காணாமல் ஆக்கப்பட்டோர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 30, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள். அன்று செய்தியில் இரண்டு வரி வரும், கையில் புகைப்படத்தோடு தாய்மார் நிற்கும் ஒரு படம் வரும், அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேள்விகளும் வரும். கல்லூரி மாணவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், என் சொந்தச் சித்தப்பா வரை கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்கள் ஒன்றையொன்று தொட்டுப் போவதால் மேலிருந்து படித்தால் நல்லது.

காணாமப் போறதும் "காணாமல் ஆக்கப்படுறதும்" ஒண்ணுதானே? ஏன் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?

திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட குழந்தை காணாமல் போகிறது. வீட்டில் கோபித்துக்கொண்டு ரயிலேறியவர் காணாமல் போகிறார். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அவரைக் கொண்டுபோனவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். சட்டம் இதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஒருவரைக் கைது செய்தோ கடத்தியோ அடைத்து வைத்திருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் அரசின் ஆட்களாகவோ, அரசின் அனுமதியோ ஆதரவோ கண்டும் காணாத சம்மதமோ பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி: பிடித்த பிறகு "எங்களிடம் அப்படி யாரும் இல்லை" என்று மறுக்க வேண்டும், அல்லது அவர் என்ன ஆனார் என்பதை மறைக்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில் இருக்கும் வரையறையின் சாரம் இதுதான்.

இலங்கையில் இதற்காக அமைத்த அரசு அமைப்பின் பெயர் "காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்". வடக்கு, கிழக்கில் தெருவில் நிற்கும் குடும்பங்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களில் கணவனையும் மகனையும் தங்கள் கண் முன்னால் இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள், பேருந்தில் ஏற்றிச் சென்றதைப் பார்த்தவர்கள், அவர்களிடம் போய் "போனவர்" என்றால் எப்படி ஏற்பார்கள்?

கொலைக்குச் சட்டம் இருக்கு, ஆள்கடத்தலுக்கும் இருக்கு. இதுக்குத் தனியா ஒரு பேர், தனியா ஒரு ஒப்பந்தம் எதுக்கு?

உடல் கிடைக்காமல் கொலையை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வக்கீல்களைக் கேட்டால் தெரியும். கடத்தல் என்று புகார் கொடுத்தால் விசாரிக்க வேண்டியது போலீஸ், கடத்தியதே போலீஸ் என்றால் யாரிடம் போவது? பக்கத்துக் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கக்கயம் முகாமில் வைத்தது. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்த பிறகு 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்திருப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போட்டபோதும் அரசுத் தரப்பு முதலில் சொன்னது, அவரைக் கைது செய்யவே இல்லை என்பதுதான். அது பொய் என்று நீதிமன்றத்தில் வெளிப்பட்டு, நெருக்கடி நிலையின்போது உள்துறையை வைத்திருந்த கருணாகரன் முதலமைச்சர் பதவியையே இழந்தார். ராஜனின் உடல் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1948 டிசம்பர் 10 அன்று வந்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டால், இந்த ஒரே செயலில் பல பிரிவுகள் ஒன்றாக உடைகின்றன. பிரிவு 3 உயிரையும் சுதந்திரத்தையும் சொல்கிறது, 5 சித்திரவதை கூடாது என்கிறது, 9 மனம்போன கைது கூடாது என்கிறது, 10 நியாயமான விசாரணை வேண்டும் என்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பிரிவு 6. எங்கே இருந்தாலும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்கப்படும் உரிமை. சிறையில் இருப்பவருக்கு ஒரு கைதி எண்ணாவது உண்டு, இறந்தவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இதை முதல்ல யாரு ஆரம்பிச்சது?

சர்வாதிகாரம் எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. ஆனால் எழுத்தில், உத்தரவாக, திட்டம் போட்டுச் செய்ததற்கு எல்லோரும் சுட்டுவது நாஜி ஜெர்மனி 1941 டிசம்பர் 7 அன்று போட்ட "இரவும் மூடுபனியும்" ஆணையை. ஆக்கிரமித்த நாடுகளில் எதிர்ப்பவர்களைப் பிடித்து ரகசியமாக ஜெர்மனிக்குக் கொண்டுபோக வேண்டும், குடும்பத்துக்கு ஒரு தகவலும் போகக் கூடாது என்பது அதன் நோக்கம். அந்த ஆணையில் கையெழுத்திட்ட கைட்டல் நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு 1946இல் தூக்கிலிடப்பட்டார்.

அப்புறம் லத்தீன் அமெரிக்கா. குவாத்தமாலாவில் 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் 45,000 பேர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், பெரும்பாலும் மாயா பழங்குடி மக்கள். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இருந்த இராணுவ ஆட்சியில், பிறகு வந்த ஜனநாயக அரசின் ஆணையம் 1984இல் பெயரோடு பதிவு செய்தது 8,961 பேரை. அங்குள்ள மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. பலரை மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள். இதைச் செய்தவர்களில் ஒருவரான கடற்படை அதிகாரி ஷிலிங்கோ 1995இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கைது பண்ணி கேஸ் போட்டு உள்ளே தள்ளிட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு ரகசியம்? அரசாங்கத்துக்கு என்ன லாபம்?

வழக்குப் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும், வக்கீல் வருவார், பத்திரிகை எழுதும், வெளிநாட்டுத் தூதர் கேட்பார். ஆளே இல்லை என்று சொல்லிவிட்டால் இது எதுவும் இல்லை. 1979இல் ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது அர்ஜென்டினாவின் ஆட்சித் தலைவர் விடேலா, காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை, அவர் இல்லாதவர் என்கிற பொருளில் கையை அசைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

பயம் இரண்டாவது லாபம். ஒருவரைக் கொன்றால் ஊர் கூடி அழும், சாவு ஊர்வலம் போகும், கோபம் வெளியே வரும். ஒருவரைக் காணாமல் ஆக்கினால் குடும்பம் வாயைத் திறக்கத் தயங்கும், பேசினால் உள்ளே இருப்பவரை இன்னும் அடிப்பார்களோ என்று. அக்கம்பக்கத்துக்காரர் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்துவார். ஒருவரைத் தூக்கினால் ஒரு தெருவே அமைதியாகிவிடும்.

தப்பு எதுவும் செய்யாதவனை ஏன் தூக்கப் போறாங்க? ஏதாவது பண்ணியிருப்பாங்க.

இந்த வாக்கியம் அர்ஜென்டினாவில் ஒரு சொலவடையாகவே இருந்தது. "ஏதாவது செய்திருப்பார்கள்" என்று சொல்லிச் சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சரி, செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். செய்தாரா இல்லையா என்று முடிவு செய்யத்தான் நீதிமன்றம் இருக்கிறது. நியூரம்பர்கில் நாஜித் தலைவர்களுக்கே குற்றப் பத்திரிகையும் வக்கீலும் கொடுத்தார்கள்.

யாரைத் தூக்கினார்கள் என்றும் பாருங்கள். 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கும் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் போட்டு நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீஸ் சொன்னதால் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி அவர்களுடைய அடையாளமானது, குழந்தைக்குக் கட்டும் துணியைத்தான் முதலில் கட்டினார்கள். அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் தன் மகனைத் தேடி வந்தவர். அந்த வருடம் டிசம்பர் 10 அன்று, அதாவது மனித உரிமை நாளன்றே, அவரையும் தூக்கினார்கள். மகனைத் தேடியது மட்டும்தான் அவர் செய்தது.

தீவிரவாதம், போர்னு வரும்போது இதெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?

பார்க்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் முதல் பிரிவிலேயே சொல்கிறது. போர், போர் அபாயம், உள்நாட்டு அரசியல் குழப்பம், நெருக்கடி நிலை எதையும் காரணமாகக் காட்ட முடியாது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை போன்றவற்றுக்கு நெருக்கடி காலத்தில் வரம்பு போடலாம். காணாமல் ஆக்குவதற்கோ எந்த விதிவிலக்கும் கிடையாது, முழுத் தடை. "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது.

நம் நாட்டிலேயே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை இருக்கும்வரை ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். மேலே சொன்ன ராஜனைத் தேடிக்கொண்டு அவருடைய அப்பா அலைந்தது இதே மாதங்களில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள், அந்தத் தீர்ப்பு வெறும் சட்டப் புத்தக விஷயமாகத் தெரியாது. பிறகு அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் வந்து, உயிர் மற்றும் தனிமனித சுதந்திரத்துக்கான 21ஆவது பிரிவை அமல்படுத்தக் கேட்கும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆனது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பே தவறு என்று அறிவித்தது.

அரசாங்கம் மட்டும்தான் செய்யுதா? ஆயுதக் குழுக்கள் கடத்தினா அது கணக்குல வராதா? புலிகள் செய்யலையா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஐ.நா. ஒப்பந்தத்தின் வரையறை அரசைச் சுற்றித்தான் இருக்கிறது, ஏனென்றால் பாதுகாக்க வேண்டியவரே கொண்டுபோய் மறுப்பதுதான் இந்தக் குற்றத்தின் தனித்தன்மை. ஆனால் அரசு சாராத ஆட்கள் செய்தாலும் அதை விசாரித்து வழக்கு நடத்துவது அரசின் கடமை என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உண்டாக்கிய ரோம் சட்டமோ, அரசோ ஓர் அரசியல் இயக்கமோ பரவலாக இதைச் செய்தால் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்கிறது.

விடுதலைப் புலிகள் பிடித்துப்போய்த் திரும்பாதவர்கள் உண்டு. கடைசிக் கட்டத்தில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. அந்தத் தாய்க்கும் பதில் கிடைக்க வேண்டும். அதேபோல 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியை அடக்கியபோது தெற்கில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். இலங்கையில் இந்தத் துயரம் இரண்டு மொழியிலும் அழுதிருக்கிறது.

எல்லைக்கோடு மங்கிப்போன இடம் மெக்சிகோ. 2014 செப்டம்பர் 26 இரவு இகுவாலா நகரில் அயோட்சினாப்பா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேரை நகரப் போலீஸ் பிடித்தது. பிடித்தவர்களைப் போதைப்பொருள் கும்பலிடம் கொடுத்ததாகச் சொன்னார்கள். இதுவரை மூன்று பேரின் எலும்புத் துண்டுகள்தான் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 2022இல் உண்மை ஆணையமே இதை அரசின் குற்றம் என்றது. அந்த நாட்டின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் காணாமல் போனோர் எண்ணிக்கை அதே வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அங்கே தாய்மார் குழுக்களாகச் சேர்ந்து தாங்களே தேடுகிறார்கள். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, முனையை முகர்ந்து பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளையைத் தேட ஒரு அம்மாவுக்கு உலகம் கொடுத்திருக்கும் கருவி அது.

இத்தனை வருஷம் ஆச்சு, இறந்திருப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியும். மரணச் சான்றிதழும் இழப்பீடும் வாங்கிக்கிட்டு வாழ்க்கையைப் பார்க்கலாமே?

என்னை அதிகம் சங்கடப்படுத்தும் கேள்வி இது, கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு கேட்பதால். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் பெயரில் நிலம், கணவர் பெயரில் வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா கையெழுத்து வேண்டும். எதுவும் நகராது. இந்தியாவில் ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இப்படிக் கணவர் என்ன ஆனார் என்றே தெரியாத பெண்களைக் காஷ்மீரில் "அரை விதவைகள்" என்றே அழைக்கிறார்கள். நம் பக்கத்தில் இது பொட்டில் வந்து நிற்கிறது. வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. தாலியைக் கழற்றுவதா, அமாவாசைக்குப் படைப்பதா, மகன் வந்துவிடுவான் என்று ஒரு கவளம் எடுத்து வைப்பதா என்று தினமும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். திதி கொடுக்க இறந்த நாள் தெரிய வேண்டுமே.

அதனால் சான்றிதழ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி. மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் எப்போது, எங்கே, எப்படி, யாரால் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாமலேயே கோப்பு மூடப்படும், கையெழுத்துப் போட்டவள் தன் பிள்ளை செத்ததைத் தானே எழுதிக் கொடுத்தவள் ஆவாள். இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. இறந்ததாகச் சொல்லாமல் "ஆள் இல்லை" என்று மட்டும் பதிவு செய்யும் சான்றிதழை அர்ஜென்டினா 1994இல் கொண்டுவந்தது. இலங்கையும் 2016இல் "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" என்று கொண்டுவந்தது. அதை வைத்துச் சொத்து, வங்கி விஷயங்களைப் பார்க்கலாம், தேடுவதும் நிற்காது.

பணத்தைப் பற்றி: 2022இல் இலங்கை அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தர முடிவு செய்தது. வடக்கு, கிழக்கில் பல குடும்பங்கள் வேண்டாம் என்றன. வறுமையில் இருப்பவர்கள்தான். வாங்கிக்கொண்டவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், பசிக்குப் பணம் வேண்டும். ஒப்பந்தத்தின் 24ஆவது பிரிவு குடும்பத்தையும் பாதிக்கப்பட்டோர் என்றே சொல்கிறது, அவர்களுக்கு உண்மையை அறியும் உரிமை, இழப்பீடு பெறும் உரிமை இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள்ள முடியாது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டம் கேட்பது அந்த முதல் உரிமையை. அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோர் பலர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள்.

முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்தினது. கேஸ் காலாவதி ஆகியிருக்காதா? பொதுமன்னிப்பு வேற குடுத்துடறாங்களே?

ஒரு திருட்டு நடந்த நாளில் முடிந்துவிடுகிறது. இந்தக் குற்றம் அப்படி முடிவதில்லை, ஆள் எங்கே என்ற பதில் வரும்வரை ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருப்பதாகச் சட்டம் பார்க்கிறது. காலாவதிக் கணக்கு தொடங்குவதே பதில் கிடைத்த பிறகுதான்.

சிலியில் சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சி 1978இல் தனக்குத் தானே ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. 1973 முதல் 1978 வரை நடந்தவற்றுக்கு அது பொருந்தும். இருபது வருடம் கழித்து வக்கீல்களும் நீதிபதிகளும் ஒரு வாதத்தைப் பிடித்தார்கள்: உடல் கிடைக்காதவரை கொலை என்று சொல்ல முடியாது, கடத்தல் என்றுதான் சொல்ல முடியும், கடத்தல் இன்றும் தொடர்கிறது, தொடர்கிற குற்றத்துக்கு 1978 மன்னிப்பு எப்படிப் பொருந்தும்? 1999இல் சிலி உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. உடலை மறைத்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களை அந்த மறைப்பே மாட்டிவிட்டது. அர்ஜென்டினாவிலும் 1986, 1987இல் வழக்குகளை நிறுத்த வந்த இரண்டு சட்டங்களை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விடேலா 2013இல் சிறையில்தான் இறந்தார்.

வெறும் எலும்பை வெச்சு இது இன்னார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

முதலில் தோண்டும் விதம். மண்வாரி இயந்திரத்தை விட்டு வாரினால் ஒருவருடைய எலும்பு இன்னொருவருடையதோடு கலந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ அர்ஜென்டினா போய், சில மாணவர்களுக்குத் தொல்லியல் முறையில் தூரிகை கொண்டு அடுக்கடுக்காகத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். அந்த மாணவர்கள் அமைத்த குழு பின்னாளில் உலகம் முழுக்கப் போய் வேலை செய்தது. அசுசேனா வில்லாஃப்ளோரின் உடலும் அப்படித்தான் கிடைத்தது. கடலில் தள்ளப்பட்டு, கரை ஒதுங்கி, ஒரு சிற்றூர் கல்லறையில் பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்தார். 2005இல் அடையாளம் கண்டு, அவருடைய சாம்பலை மாயோ சதுக்கத்திலேயே புதைத்தார்கள்.

டி.என்.ஏ. ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். இங்கேதான் பாட்டிமார் வருகிறார்கள். அர்ஜென்டினாவில் கர்ப்பிணிகளைப் பிடித்து, பிரசவம் ஆனதும் தாயைக் கொன்று, குழந்தையை இராணுவக் குடும்பங்களுக்கும் வேறு குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள், ஏறக்குறைய 500 குழந்தைகள். பெற்றோர் இருவரும் இல்லாமல் பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா என்று அந்தப் பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் போன்ற மரபியல் விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். தாய்வழியில் மட்டும் மாறாமல் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அதற்கு உதவியது. 2025 வரை 140 பேரக்குழந்தைகள் தங்கள் உண்மையான பெயரை அறிந்திருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் தன் பாட்டியை முதன்முறையாகப் பார்ப்பதை யோசித்துப் பாருங்கள்.

போஸ்னியாவில் 1995 ஜூலையில் ஸ்ரேப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்தவர்கள், தடயத்தை அழிக்கக் குழிகளை இயந்திரத்தால் தோண்டி வேறு இடங்களில் மறுபடி புதைத்தார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. உறவினர்களின் இரத்த மாதிரிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, எலும்பு எலும்பாக ஒப்பிட்டு, கிட்டத்தட்ட 7,000 பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். யாழ்ப்பாணம் செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998இல் ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் எடுத்தது 15. 2025இல் அதே செம்மணிப் பகுதியில், சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, சிறு பிள்ளைகளுடையதும் உண்டு. அங்கே இனி நடக்க வேண்டியது போஸ்னியாவில் நடந்த மாதிரி, குடும்பங்களின் மாதிரிகளைச் சேர்த்து வைப்பது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சேர்க்க வேண்டும், அதற்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது.

ஐ.நா.வால ஒரு ஆளையாவது மீட்க முடிஞ்சிருக்கா? எல்லாம் பேப்பர்லதானே?

உங்கள் கோபம் நியாயம். 1980இல் ஐ.நா. ஒரு பணிக்குழு அமைத்தது, அது குடும்பத்தின் புகாரை வாங்கி அரசுக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அரசு பதில் சொல்லாவிட்டால் மறுபடி கேட்கும். இராணுவத்தை அனுப்பாது. ஆனாலும் அந்தக் கடிதம் போனதும் "ஆளே இல்லை" என்பது எழுத்தில் வந்துவிடுகிறது, அந்தப் பொய் பின்னாளில் சாட்சியாகிறது. 2010 டிசம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஏற்ற நாடுகளில் யாராவது காணாமல் ஆக்கப்பட்டால் அவசர நடவடிக்கை கேட்க ஒரு குழுவும் இருக்கிறது.

நீதிமன்றங்கள் கொஞ்சம் கூடுதலாகச் செய்தன. ஹோண்டுராஸ் நாட்டில் 1981இல் தூக்கப்பட்ட மாணவர் மன்ஃபிரெடோ வெலாஸ்கேஸ் வழக்கில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 1988இல் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. யார் கொன்றார் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், தடுக்கத் தவறியதற்கும் விசாரிக்கத் தவறியதற்கும் அரசே பொறுப்பு என்றது. உடலோ நேரடிச் சாட்சியோ இல்லாத குடும்பங்களின் வழக்குகளுக்கு அது ஒரு பிடிமானம் ஆனது. ஆனால் சிறைக் கதவு திறப்பது பெரும்பாலும் ஆட்சி மாறும்போது. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்ததும் செட்னாயா சிறையில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்து தரையை இடித்துத் தேடினார்கள். சிலர் கிடைத்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பற்றிப் பதில் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் ஆட்சி மாறிய வங்கதேசத்தில் "ஆயினாகர்" என்ற ரகசியச் சிறையிலிருந்து பல வருடம் அடைக்கப்பட்டவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே வங்கதேசம் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

இந்தியாவில இந்தப் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது. பஞ்சாபில் போலீஸ் ரகசியமாக எரித்த உடல்களின் கணக்கைச் சுடுகாட்டுப் பதிவேடுகளிலிருந்து, விறகு வாங்கிய கணக்கோடு வெளியே கொண்டுவந்தவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. 1995 செப்டம்பர் 6 அன்று அவரையே வீட்டு வாசலில் வைத்துத் தூக்கினார்கள். அமிர்தசரஸ் மாவட்டத்தில் மட்டும் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதை பிறகு சி.பி.ஐ. உறுதி செய்தது, கால்ரா வழக்கில் போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வட காஷ்மீரில் 38 இடங்களில் பெயரில்லாத புதைகுழிகளில் 2,730 உடல்கள் இருப்பதை மாநில மனித உரிமை ஆணையமே 2011இல் வெளியிட்டது.

ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 2007 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதி செய்யவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிதாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது தனிக் குற்றமாக இல்லை. இலங்கை 2016இல் உறுதி செய்து 2018இல் தனிச் சட்டமும் போட்டிருக்கிறது, அங்கே குறை நடைமுறையில். இங்கே சட்டமே இல்லை.

சரி, நம்ம ஆள் ஒருத்தரை மஃப்டியில வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு தெரியல. உடனே என்ன பண்ணணும்?

முதல் சில மணி நேரம்தான் எல்லாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், வண்டி எண் என்ன, எத்தனை பேர், யார் யார் பார்த்தார்கள் என்று உடனே எழுதி வையுங்கள், பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன: கைது செய்பவர் பெயர் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும், நேரம், தேதியோடு அரெஸ்ட் மெமோ எழுதிக் குடும்பத்தினர் ஒருவரிடமோ ஊர்க்காரர் ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், கைதானவர் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விவரம் போக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டுக் கேளுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு.

"இங்கே இல்லை" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். முதல் இரண்டு கேள்விகளில் பார்த்தோமே, அந்த மறுப்புதான் இந்தக் குற்றத்தின் நடுப்பகுதி, அது தேதியோடு பதிவாக வேண்டும். கூடவே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. குடும்பத்தினர்தான் போட வேண்டும் என்பதில்லை, நண்பரும் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். ராத்திரியானாலும் வக்கீலை எழுப்புங்கள், காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.